ஊரில் வயல் மூழ்கினால்: சிங்கப்பூரில் இருந்தபடியே நிவாரணமும் காப்பீடும் வாங்க என்ன செய்ய வேண்டும்

அக்டோபர் பிறந்துவிட்டால் துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் என்று எந்த டார்மிட்டரியில் பார்த்தாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, புதுக்கோட்டை, கடலூர்ப் பக்கத்து ஆட்கள் வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பேசுகிற முதல் பேச்சு மழையைப் பற்றித்தான். வயலில் தண்ணீர் நிற்கிறதா, வடிவாய்க்கால் இழுக்கிறதா, பயிர் தலை தெரிகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் குளியல், சாப்பாடு எல்லாம். இங்கே ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்கிற பணம்தான் அங்கே நடவுக் கூலியாகவும் டிராக்டர் வாடகையாகவும் டிஏபி உர மூட்டையாகவும் வயலுக்குள் போகிறது. வயல் மூழ்கினால் அந்தப் பணமும் சேர்ந்து மூழ்குகிறது. அப்படியிருந்தும் அரசு கொடுக்கிற நிவாரணத்தைப் பாதியாக வாங்குகிற குடும்பங்களையும், வாங்காமலே விட்டுவிடுகிற குடும்பங்களையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். கணக்கெடுப்பில் விட்டுப்போச்சு என்று சொல்வார்கள். நோண்டிப் பார்த்தால் மழைக்கு முன்பே, நடவு நட்ட மாதத்திலேயே, ஏதோ ஒரு காகிதத்தில் பெயர் ஏறாமல் போயிருக்கும்.

அதனால் இதை மழை வந்த பிறகு தேடிப் படிக்காமல் இப்போதே படித்து வீட்டில் இருக்கிறவர்களிடம் போனில் சொல்லுங்கள். இங்கிருந்து செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

வரக்கூடிய பணம் இரண்டு வகை

பல பேர் நிவாரணத்தையும் இன்சூரன்ஸையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, "இன்சூரன்ஸ் கட்டலையே, நமக்கு ஒண்ணும் வராது" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்றை வாங்கியதால் இன்னொன்று போய்விடாது.

முதலாவது அரசு நிவாரணம், அதாவது இடுபொருள் மானியம். இது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருவது, நாம் முன்கூட்டி ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2015க்கு முன்பு இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது, ஊரில் பெரியவர்கள் இன்னமும் "பாதிக்கு மேல போயிருந்தாத்தான் தருவான்" என்று சொல்வது அந்தப் பழைய கணக்கில்தான். 2022 முதல் 2026 வரைக்குமான விதிப்படி பாசன வசதியுள்ள நிலத்துப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான் என்ற உச்சவரம்பும் அந்த விதியில் இருக்கிறது.

இந்தத் தொகை ஒவ்வொரு பேரிடருக்கும் தனி அரசாணையில் மாறலாம். 2021 ஜனவரி மழைச் சேதத்துக்குத் தமிழ்நாடு அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 என்று உயர்த்திக் கொடுத்தது, 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழைக்கும் அதே 20,000. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது 17,000 கணக்கில் அறிவித்தார்கள். அந்த முறை மாடு செத்திருந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்றும் இருந்தது. வயல் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு கொட்டகையில் செத்த ஆட்டை யாரும் பதிவு செய்யாமல் புதைத்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவரைப் பார்க்க வைத்து, படம் எடுத்து, விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) சொல்லிவிட்டுப் புதைக்கச் சொல்லுங்கள்.

ஹெக்டேர் என்றதும் குழப்பம் வரும், நம் பக்கம் மாவிலும் ஏக்கரிலும்தானே பேசுகிறோம். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880, மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால் மாவுக்கு 2,290 பக்கம். செய்தியில் 17,000 என்று கேட்டுவிட்டு ஏக்கருக்கு அவ்வளவு வரும் என்று நினைத்து, கையில் வந்ததைப் பார்த்து யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போட்ட பிறகும் குறைந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

இரண்டாவது பயிர்க் காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியது. இதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். சம்பா, தாளடி நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், குறுவைப் பருவப் பயிருக்கு 2 சதவீதம், தோட்டக்கலை, வணிகப் பயிருக்கு 5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய் கட்டுகிறோம். சிங்கப்பூர்க் காசில் பத்து வெள்ளிக்குக் கீழே. தேக்காவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடித்து ஒரு ஏக்கரைக் காப்பீடு இல்லாமல் விடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இந்தக் காப்பீடு கட்டாயம் இல்லை, விருப்பம்தான். "கூட்டுறவு சொசைட்டியில் கடன் இருக்கு, அவனே பிடிச்சிருப்பான்" என்று இருந்துவிடாதீர்கள். பிடித்தார்களா என்று ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நடவு நட்டதும் செய்ய வேண்டியவை

அடங்கல்தான் எல்லாவற்றுக்கும் வேர். எந்தச் சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் போட்டிருக்கிறார்கள் என்பதை விஏஓ பசலி வாரியாக, அதாவது வருவாய்த் துறை ஆண்டு வாரியாக, பதிவு செய்கிற ஏடு அது. பசலி ஜூலை 1இல் தொடங்கும், ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி வரும், 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. போன பசலி அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருஷச் சேதத்துக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. இப்போது மின்னணு முறையிலும் பயிர்க் கணக்கெடுப்பு நடக்கிறது, அதற்காக யாராவது வயலுக்கு வந்தால் வீட்டில் ஒருவர் கூடப் போய் நின்று பயிர் சரியாகக் குறிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வயல் தரிசு என்று குறித்துவிட்டுப் போனால், டிசம்பரில் அதே வயல் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாலும் மூழ்கிய பயிர் என்று ஒன்று ஏட்டில் இருக்காது.

நடவு முடிந்த இரண்டு வாரத்துக்குள் வீட்டில் ஒருவரை விஏஓவிடம் அனுப்பி அடங்கல் நகல் வாங்கச் சொல்லுங்கள். அதை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கி நீங்களே படியுங்கள். அம்மா, அப்பாவுக்குக் கண் தெரியாது, எழுத்து சிறிது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், சாகுபடி செய்பவர் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பட்டா, சிட்டா (நில உடைமை விவரம்), புலப்படம் (நில வரைபடம்) எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் இங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம், மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் தெரிந்தால் போதும். அடங்கலையும் சிட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பு உடனே தெரியும்.

விஏஓவைப் போனில் பிடிக்கிற நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் காலை 10 மணி என்றால் இங்கே 12.30, சைட்டில் சாப்பாட்டு நேரம். அந்த இடைவேளையில் கூப்பிட்டால் அவர் அலுவலகத்தில் இருக்கிற நேரமாகவும் இருக்கும், உங்களுக்கும் சூப்பர்வைசர் தொல்லை இருக்காது. மரியாதையாக, "சார், நான் இன்னார் மகன், சிங்கப்பூர்ல இருந்து பேசுறேன், இந்தச் சர்வே எண்ணுக்கு அடங்கல் ஏறியிருக்கா" என்று நேராகக் கேளுங்கள். எண்ணோடு கேட்கிற ஆளுக்கு எண்ணோடு பதில் வரும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசுப் பணம் சில சமயம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்கு வரும், சில சமயம் ஆதார் வழியாக வரும். ஆதார் வழி என்றால் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை நேரடி மானியத்துக்கு இணைத்தீர்களோ அந்தக் கணக்கில்தான் விழும். அப்பா எப்போதோ கேஸ் மானியத்துக்காக வேறு வங்கியில் இணைத்திருப்பார், அது அவருக்கே நினைவிருக்காது. ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கிற வசதி இருக்கிறது, ஆனால் ஓடிபி ஆதாரோடு பதிந்த இந்திய எண்ணுக்குத்தான் போகும், சிங்கப்பூர் எண்ணுக்கு வராது. அதனால் வீட்டில் அந்த சிம் யார் கையில் இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மால் பணம் நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்துவிடும். பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணும் ஒரு தொல்லை: வங்கிகள் இணைந்தபோது எண்கள் மாறிவிட்டன. கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது, அலகாபாத் வங்கி அதே வருஷம் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய பாஸ்புக் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். புதுப் பாஸ்புக் வாங்கச் சொல்லுங்கள், நூறு ரூபாய் போட்டு எடுத்துக் கணக்கை ஓட விடுங்கள்.

உங்கள் பெயரில் பட்டா இருந்து உங்கள் கணக்கையே கொடுப்பதாக இருந்தால் இன்னொன்று. வெளிநாட்டில் வேலை செய்கிறவர் ஊரில் வைத்திருக்கிற சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு) மாற்ற வேண்டும் என்பது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடுகிற கணக்கு) உள்ளூர் ரூபாய் வரவுக்குக் கட்டுப்பாடு உண்டு, அந்த எண்ணை நிவாரணப் படிவத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

காப்பீட்டுக்கு வருவோம். சம்பா நெல்லுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15 பக்கம் வரும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஊர்ப் பணம் அனுப்புகிறபோதே பிரீமியத்தைச் சேர்த்து அனுப்பி, சொசைட்டியிலோ வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டச் சொல்லிவிடலாம். அடங்கல் அல்லது விஏஓவின் விதைப்புச் சான்று, ஆதார், பாஸ்புக், பதிவுப் படிவம் வேண்டும். கட்டி முடித்ததும் ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் வருவாய்க் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். இதை நான் யாரிடம் பேசினாலும் அழுத்திச் சொல்வேன். காப்பீட்டில் இழப்பீடு கிராம அளவில் தீர்மானமாகிறது. கணினியில் தட்டுகிற பையன் பக்கத்துக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் பணமும் அந்தக் கிராமத்தின் விளைச்சலோடு போய்விடும். உங்கள் ஊர் முழுக்க மூழ்கி, பக்கத்து ஊர் மேடாக இருந்து விளைந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் வராது. கடைசி நாளுக்குள் பார்த்தால் திருத்தலாம்.

ஒரே சர்வே எண்ணுக்கு நில உடைமையாளர் ஒரு பக்கம், குத்தகைக்காரர் ஒரு பக்கம் கட்டினால் இரண்டும் சிக்கலில் மாட்டும். ஒருவர்தான் கட்ட வேண்டும், அது பயிர் வைத்தவராக இருக்க வேண்டும்.

காப்பீடு எப்படிக் கணக்காகிறது என்பது தெரிந்தால் வீண் எதிர்பார்ப்பு இருக்காது. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை நடத்துவார்கள். கடந்த 7 வருஷத்தில் நல்ல 5 வருஷத்துச் சராசரி விளைச்சலை வைத்து ஒரு உத்தரவாத விளைச்சல் இருக்கும். அது ஏக்கருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டு, இந்த வருஷம் பரிசோதனையில் 700 கிலோதான் வந்தது என்றால் குறைவு 30 சதவீதம், காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம் எல்லோருக்கும் வரும். உங்கள் வயல் ஒன்று மட்டும் பள்ளத்தில் இருந்து அழுகியிருந்தால் இந்தக் கணக்கில் அது தெரியாது. பரிசோதனை நடக்கிற நாளில் ஊர்க்காரர்கள் கூடப் போய் நிற்பது அதனால்தான் முக்கியம். அறுவடைப் பரிசோதனை எப்போது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறுத்துக் களத்திலோ வயலிலோ காயப் போட்ட நெல் மழையில் நாசமானால் கதை வேறு. அறுவடைக்குப் பிறகு 14 நாள் வரை அதற்குத் தனி நபர் அளவில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 14447 என்ற உதவி எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கியிலோ சொல்லலாம். அந்தச் சுருக்க எண்ணை ஊரில் இருக்கிறவர்தான் அழைக்க வேண்டும். நீங்கள் அதற்குள் காப்பீட்டுப் பதிவு எண், சர்வே எண், பயிர், சேதமான தேதி எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள், அவர் பார்த்துப் படித்தால் போதும்.

தண்ணீர் நிற்கிற நாட்களில்

முதலில் ஆட்களின் பாதுகாப்பு. மின்கம்பி அறுந்து கிடக்கிற வயலுக்குப் படம் எடுக்க யாரையும் இறக்காதீர்கள்.

அப்புறம் படம். இடமும் தேதியும் நேரமும் படத்திலேயே பதிகிற கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தம்பி போனில் ஒன்றை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரைப் படம் எடுத்தால் அது யார் வயல் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார்க் கொட்டகை, டிரான்ஸ்பார்மர், எல்லைக்கல், பக்கத்து வீடு என்று அடையாளம் ஏதாவது தெரிகிற மாதிரி, சாலையிலிருந்து வயல் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ. தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்த பிறகு பயிர் அழுகியிருப்பதை ஒன்று. வடிந்த பிறகு எடுப்பதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கணக்கெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் வடிந்த பிறகுதான் வருவார்கள், அப்போது நிற்கிற பயிரைப் பார்த்துத்தான் 33 சதவீதமா இல்லையா என்று எழுதுவார்கள்.

வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து எடுக்கிற கூட்டுக் கணக்கெடுப்பு அது. விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் வருவார்கள், தென்னை, வாழை என்றால் தோட்டக்கலைத் துறை. அவர்கள் வருகிற அன்று வீட்டில் ஒருவர் வயலில் நிற்க வேண்டும். கையில் அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல்கள் இரண்டு செட். "உங்க வயல் எழுதியாச்சு" என்று சொன்னால் எத்தனை ஹெக்டேர், எத்தனை சதவீதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கெடுப்புக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், இங்கிருந்து நீங்களும் "கொடுத்துத் தொலைங்க" என்று சொல்லாதீர்கள். ஒருவர் கொடுத்தால் அந்தத் தெருவே கொடுக்க வேண்டிவரும்.

கணக்கெடுப்புக்கு முன் வயலை அழித்து உழுதுவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. மறு நடவுக்கு நேரம் போகிறது என்று அவசரம் இருக்கும், புரிகிறது. உழுதுதான் ஆக வேண்டும் என்றால் விஏஓவுக்கு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, படங்கள் எடுத்து வைத்துவிட்டு உழச் சொல்லுங்கள். ஒரு ஓரத்தில் கொஞ்சம் பயிரை அப்படியே விட்டு வைப்பது நல்லது.

தென்னைக்கு இது இன்னும் முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை வரை தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். அன்றைக்கு அரசு விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்தார்கள். எண்ணிக்கை அடிப்படையில் பணம் என்கிறபோது எத்தனை மரம் இருந்தது என்று ஏட்டில் இருக்க வேண்டும், எத்தனை விழுந்தது என்று கண்ணில் பட வேண்டும். தோப்பு வைத்திருக்கிறவர்கள் இப்போதே மரங்களுக்குச் சுண்ணாம்பில் எண் போட்டு, வரிசை வரிசையாக வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது, வேளாண்மை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

சேதமான பயிருக்குக் கடன் வாங்கியிருந்தால் அதே வாரத்தில் வங்கிக்கோ சொசைட்டிக்கோ கடனை மறுசீரமைக்கக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிப்போன பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பது எளிது.

பட்டா ஒருவர் பெயரில், பாடு ஒருவர் கையில்

சிங்கப்பூர்க்காரர்கள் விஷயத்தில் அதிகம் இழுபறியாவது இதில்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, பயிர் யார் வைத்தார் என்பது வேறு கேள்வி. இடுபொருள் மானியம் என்பது விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் செலவழித்தவருக்கு அடுத்த பயிர் வைக்கக் கொடுக்கிற பணம். நிலம் உங்கள் பெயரில் இருந்து, சித்தப்பாவோ பக்கத்துத் தெரு அண்ணனோ குத்தகைக்குப் பயிர் செய்தால், அந்தப் பணம் அவர்களுக்குச் சேர வேண்டியது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயராக அவர் பெயரைத்தான் ஏற்ற வேண்டும். "குத்தகைப் பதிவு ஏறினா நிலத்தை விட மாட்டான்" என்கிற பயத்தில் பல பேர் தங்கள் பெயரையே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு வேறு வழி தேடலாம், எழுத்தில் ஒப்பந்தம் போடலாம், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாம். கழுத்தளவு சேற்றில் நின்று நாற்றைக் காப்பாற்றப் பார்த்த மனுஷனின் நிவாரணம் இங்கே மாதச் சம்பளம் வாங்குகிறவர் கணக்கில் விழுவது சரியில்லை. கோயில் நிலம், மடத்து நிலம் சாகுபடி செய்கிறவர்களும் குத்தகை ரசீதோடு விஏஓ சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம்.

பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருப்பது அடுத்த தலைவலி. வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து முடிக்க மாதங்கள் ஆகும், வெள்ளம் வந்த வாரத்தில் ஆரம்பித்தால் அந்த வருஷத்துக்கு உதவாது. வருஷா வருஷம் கோடையில் தாலுகா அலுவலகத்தில் நடக்கிற ஜமாபந்தியில் (வருவாய்த் தீர்வாயம்) மனு கொடுத்தால் இந்த மாதிரி வேலைகள் கொஞ்சம் சீக்கிரம் நகரும். அது வரைக்கும், கூட்டுப் பட்டாவில் மற்ற பங்காளிகள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒருவர் பெயரில் வாங்குவது ஊர்களில் நடக்கிற வழி. அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்றால் இங்கிருந்து ஒரு போன் போட்டுச் சமாதானம் செய்வதற்கு நீங்கள்தான் சரியான ஆள், தூரத்தில் இருப்பவர் சொல்வதை இரு பக்கமும் கேட்பார்கள்.

பவர் பத்திரம் வேண்டுமா என்று கேட்பார்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் பயிர் வைத்தவர் ஊரிலேயே இருந்தால் தேவையே இல்லை, அதற்காக லீவு போட்டு அலைய வேண்டாம். பட்டா மாறுதல், பாகப்பிரிவினை மாதிரி காரியத்துக்கு வேண்டும் என்றால் கிரேஞ்ச் சாலையில் இருக்கிற இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். இல்லாவிட்டால் இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கிற சான்று) வாங்கலாம், சிங்கப்பூரில் அப்போஸ்டில் முறை 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எப்படி வாங்கினாலும் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை விட்டால் அபராதம். இன்ன காரியத்துக்கு, இன்ன சர்வே எண்ணுக்கு என்று மட்டும் எழுதுங்கள். விற்கிற உரிமை வரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் கதை தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நிறையக் கேட்கலாம்.

பணம் வராவிட்டால்

அரசாணை வந்து பக்கத்து வயல்காரருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால், முதலில் விஏஓவிடம் பயனாளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இருந்து பணம் வரவில்லை என்றால் கோளாறு வங்கிக் கணக்கில், அதைத் திருத்திக் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள். பெயரே இல்லை என்றால் வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு, கூடவே அந்தத் தேதி பதிந்த படங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதம் ஒருமுறை நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம், அதில் கிடைக்கிற மனு எண்ணை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சொல்லித்தான் பிறகு தொடர்ந்து கேட்க முடியும்.

அப்போதும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம், நீங்கள் மனுவை இங்கே தமிழில் எழுதி அனுப்பினால் தம்பி கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம். இன்ன கிராமத்தில், இன்ன பசலியில், இன்ன சர்வே எண்ணுக்குக் கூட்டுக் கணக்கெடுப்பில் எத்தனை சதவீதம் சேதம் பதிவானது, அந்தப் பதிவேட்டின் நகல், பயனாளிகள் பட்டியலின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். காப்பீட்டுக்கு, உங்கள் கிராமத்தின் உத்தரவாத விளைச்சல் எவ்வளவு, இந்த வருஷப் பரிசோதனை விளைச்சல் எவ்வளவு என்று வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். அந்த இரண்டு எண்ணும் கையில் வந்தால் நமக்கு வர வேண்டியதை நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

வெள்ளச் செய்தி வந்த மறுநாளே "நிவாரணத் தொகை பெற இங்கே அழுத்தவும்" என்று லிங்க்கோடு வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்கும். நிவாரணத்துக்காக யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள், முன்பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் இதை மழைக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஊரில் பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தைப் பிடித்து நிறுத்த வாய்ப்பு. இங்கே உங்கள் போனுக்கு அப்படி ஏதாவது வந்து சந்தேகமாக இருந்தால் 1799இல் கேட்டுக்கொள்ளலாம்.